கிளம்பும் தேதியை வைத்துப் பள்ளியைத் தேடுங்கள்

இந்த முறை ஒரு தாயின் நீண்ட கடிதம். யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கமாகத் தருகிறேன்.

கணவருக்கு வெளிநாட்டில் ஒரு பெரிய நகரத்துக்கு மாற்றல். ஒப்பந்தம் மூன்று ஆண்டு, வரும் ஆகஸ்டில் தொடங்குகிறது. "நீட்டிப்பு நிச்சயம்" என்று மேலாளர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார். மகளுக்கு 15 வயது, ஒன்பதாம் வகுப்பை முடிக்கிறாள், மருத்துவம் படிக்க ஆசைப்படுகிறாள். மகனுக்கு 11 வயது. அவனுக்கு டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் சிரமம்) இருப்பதாக இரண்டு வருடம் முன்பு பரிசோதனையில் தெரிந்தது. அங்கே மூன்று சர்வதேசப் பள்ளிகளைப் பார்த்திருக்கிறார்கள். முதலாவது, நகரத்திலேயே அதிகக் கட்டணம் வாங்கும் பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளி. இரண்டாவது, சற்றுத் தள்ளியிருக்கும் ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலாரியேட் என்ற சர்வதேசப் பாடத்திட்டம்) பள்ளி. மூன்றாவது அமெரிக்கப் பள்ளி. "அமெரிக்காவுக்குப் போகப்போவதில்லையே" என்று அதை ஒதுக்கிவிட்டார்கள். முதல் பள்ளி ஒரு வாரத்துக்குள் டெபாசிட் கட்டச் சொல்கிறது. மகளோ, "எந்த ஸ்கூலா இருந்தா என்ன" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுகிறாளாம்.

அந்தத் தாயின் கேள்விகள் இவை. அதிகக் கட்டணம் வாங்கும் பள்ளிதானே பாதுகாப்பு? ஐபிதான் இருப்பதிலேயே கடினம், ஆகவே அதுதான் உயர்ந்தது என்கிறார்களே, அது உண்மையா? மகனின் அறிக்கையைக் காட்டினால் இடம் கிடைக்காது என்று பயமாக இருக்கிறது, சொல்லாமல் விட்டுவிடலாமா? இத்தனை குழப்பத்துக்குப் பதில், மகளைத் தாத்தா பாட்டியிடம் விட்டுப் போய்விடலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று பள்ளிகளைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறீர்கள். நீச்சல்குளம், ஆய்வகம், ஆசிரியர்கள் எந்தெந்த நாட்டவர், போன வருடம் படித்து முடித்தவர்கள் எந்தப் பல்கலைக்கழகங்களுக்குப் போனார்கள் என்று எல்லாம் இருக்கிறது. அந்த நகரத்தை விட்டு நீங்கள் எப்போது கிளம்புவீர்கள் என்பதைப் பற்றி மட்டும் ஒரே ஒரு வரி, அதுவும் மேலாளர் சொன்னதை நம்பி எழுதியது. 15 வயதுப் பெண்ணுக்குப் பள்ளி தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்த வரியைத்தான். எட்டு, பத்து வயதுக் குழந்தை வருடத்தின் நடுவில்கூடப் பள்ளி மாறிச் சமாளித்துக்கொள்ளும். 15-லிருந்து 18 வயதுவரை அப்படி முடியாது. அந்த வயதில் படிப்பு இரண்டிரண்டு வருடத் தொகுப்பாக வருகிறது. தொகுப்பின் நடுவில் ஏறுவதும் கஷ்டம், இறங்குவதும் கஷ்டம்.

இயர் 10 என்பது பத்தாம் வகுப்பு இல்லை

"முதல் பள்ளியில் இயர் 10-ல் இடம் தருகிறார்கள், அவளும் பத்தாம் வகுப்புக்குத்தான் போகிறாள், சரியாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் கணக்கு தவறுகிறது. பிரிட்டிஷ் முறையில் எண் ஒன்று கூடுதலாக ஓடும். ஒன்பதாம் வகுப்புக்கு நிகரானது இயர் 10. பத்தாம் வகுப்புக்கு இயர் 11. பன்னிரண்டாம் வகுப்புக்கு இயர் 13. அமெரிக்க முறையிலும் பெரும்பாலான ஐபி பள்ளிகளிலும் கிரேடு 10 என்றால் பத்தாம் வகுப்புதான். ஆக, முதல் பள்ளி உங்கள் மகளை அவள் முடித்த வகுப்பிலேயே மறுபடி உட்காரச் சொல்கிறது.

அவர்கள் உங்களை ஏமாற்றவில்லை. பிரிட்டிஷ் முறையில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு போன்ற ஐஜிசிஎஸ்இ பொதுவாக இரண்டு வருடப் படிப்பு. இயர் 10-ல் தொடங்கி இயர் 11 முடிவில் தேர்வு. நேராக இயர் 11-ல் வந்து சேரும் பிள்ளை பாதிப் பாடத்தைத் தவறவிட்டிருக்கும். அதனால்தான் பல பள்ளிகள் அந்த வகுப்பில் புதியவர்களைச் சேர்ப்பதே இல்லை. அதற்கடுத்த இரண்டு வருடப் படிப்பான ஏ லெவலின் இரண்டாம் வருடமான இயர் 13-க்கும், ஐபி-யின் கடைசி இரண்டு வருடப் படிப்பான டிப்ளமோவின் இரண்டாம் வருடமான கிரேடு 12-க்கும் இதே கதைதான்.

ஒரு வருடம் பின்னால் போவதில் அவமானம் எதுவும் இல்லை. புது நாடு, புது முகங்கள், புதுவிதமான தேர்வு எல்லாம் ஒன்றாக வந்து மோதும்போது, ஏற்கெனவே படித்த பாடம் மூச்சுவிட இடம் தரும். பல பிள்ளைகளுக்கு இதை நானே பரிந்துரைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒப்பந்தம் மூன்று வருடம். முதல் வருடம் இயர் 10, இரண்டாம் வருடம் இயர் 11, மூன்றாம் வருடம் இயர் 12. அதாவது ஏ லெவலின் முதல் பாதி முடிந்த கையோடு பெட்டி கட்ட வேண்டியிருக்கும். மீதிப் பாதியை எங்கே படிப்பாள்? அதே தேர்வு வாரியத்தின் அதே பாடங்களை நடத்தும் பள்ளி நீங்கள் அடுத்துப் போகும் ஊரில் இருக்குமா? இயர் 12 முடிவில் ஏஎஸ் தேர்வு எழுதலாம், அதற்குத் தனிச் சான்றிதழும் உண்டு. ஆனால் பல்கலைக்கழகங்கள் கேட்பது பெரும்பாலும் முழு ஏ லெவலைத்தான்.

இரண்டாவது பள்ளியில் கிரேடு 10-ல் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே கிரேடு 10, 11, 12 மூன்றும் உங்கள் மூன்று வருடத்துக்குள் அடங்கிவிடும். ஐபி டிப்ளமோ தேர்வு மே மாதம், முடிவு ஜூலை தொடக்கத்தில். ஒப்பந்தம் முடிவதற்குள் கையில் சான்றிதழ் இருக்கும். ஆனால் இதில் கொஞ்சமும் இடைவெளி கிடையாது. கம்பெனி திட்டத்தைச் சுருக்கி இரண்டு வருடத்தில் திருப்பி அழைத்தால், டிப்ளமோவின் நடுவில் மாட்டிக்கொள்வாள். வேறோர் ஐபி பள்ளிக்கு மாற முடியாதா என்றால், முடியும். அந்தப் பள்ளியில் அதே ஆறு பாடங்கள் அதே நிலையில் நடக்க வேண்டும். இலக்கியப் பாடத்தில் எடுத்துக்கொண்ட நூல்கள்கூட ஒத்துவர வேண்டும். நடைமுறையில் இது எவ்வளவு அரிது என்று உங்களுக்கே புரியும்.

நீங்கள் ஒதுக்கிய மூன்றாவது பள்ளியை மறுபடி எடுத்து மேஜையில் வையுங்கள். அமெரிக்க முறையில் ஒவ்வொரு பாடமும் அந்தந்த வருடத்தோடு முடிந்து, அதற்கான கிரெடிட் கணக்கில் ஏறிவிடும். பள்ளியிலேயே கல்லூரி அளவில் படிக்கும் ஏபி (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) பாடங்களும் அப்படித்தான்: பெரும்பாலும் ஒரு வருடப் படிப்பு, மே மாதத் தேர்வு, 1 முதல் 5 வரை மதிப்பெண். நடுவில் கிளம்பினாலும் முடித்தது வீணாகாது. அடிக்கடி இடம் மாறும் குடும்பத்துக்கு இது பெரிய வசதி. அமெரிக்காவுக்குப் போகிறவர்களுக்கு மட்டும்தான் இது என்பது தவறு. வேறு நாடுகளின் பல்கலைக்கழகங்களும் ஏற்கின்றன. ஆனால் அமெரிக்காவுக்கு வெளியே பல இடங்களில் வெறும் பள்ளி டிப்ளமோ போதாது, அதோடு சில ஏபி தேர்வுகளில் நல்ல மதிப்பெண்ணும் கேட்பார்கள்.

மருத்துவக் கனவு

இதை நீங்கள் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கோ பள்ளித் தேர்வையே மாற்றக்கூடிய விஷயமாகத் தெரிகிறது. சில நாடுகளில் மருத்துவப் படிப்பில் சேர இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் கட்டாயம். சில நாடுகளில் வேதியியலும் உயிரியலும் இருந்தால் போதும். உங்கள் மகள் எந்த நாட்டில் மருத்துவம் படிக்க வாய்ப்பு அதிகம் என்று யோசித்தீர்களா? திரும்பிவந்து சொந்த நாட்டில்தான் என்றால், அங்கே என்னென்ன பாடங்கள் கட்டாயம், வெளிநாட்டுச் சான்றிதழுக்குச் சமநிலைச் சான்று எப்படி வாங்குவது என்பதை இப்போதே எழுத்தில் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏன் அவசரம் என்றால், ஐபி டிப்ளமோவில் ஆறு பாடங்கள் ஆறு பிரிவுகளிலிருந்து வர வேண்டும்: தாய்மொழி அல்லது முதன்மை மொழி, இன்னொரு மொழி, சமூக அறிவியல் பாடம், அறிவியல், கணிதம், கலை. கலைக்குப் பதிலாக இன்னொரு அறிவியலை எடுக்கலாம். அத்தோடு அறிவியல் இரண்டாகிவிடும், மூன்றாவதற்கு இடம் இல்லை. சேரப்போகும் பல்கலைக்கழகம் மூன்றையும் கட்டாயமாகக் கேட்கிறது என்று ஆதாரம் காட்டினால், விதிவிலக்கான பாடச் சேர்க்கைக்கு ஐபி அனுமதி தருவதுண்டு. அதற்குப் பள்ளிதான் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், கால அட்டவணையிலும் இடம் இருக்க வேண்டும். சிறிய பள்ளிகளில் வேதியியலும் இயற்பியலும் ஒரே நேரத்தில் வகுப்பு நடக்கும்படி அட்டவணை இருக்கும். அப்புறம் அனுமதி கிடைத்தும் பயன் இல்லை. எனவே இரண்டாவது பள்ளியிடம், "என் மகளுக்கு மூன்று அறிவியலுக்கும் அனுமதி வாங்கித் தருவீர்களா? இதற்கு முன் யாருக்காவது வாங்கியிருக்கிறீர்களா?" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். நேரில் கேட்டால் "பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதில்தான் வரும். ஏ லெவலில் இந்தச் சிக்கல் இல்லை, மூன்று அறிவியலையும் எடுத்துக்கொண்டு போகலாம். ஏபி-யிலும் மூன்றுக்கும் தனித்தனிப் பாடங்கள் உண்டு.

ஐபி-தான் கடினம், எனவே அதுதான் உயர்ந்தது என்ற எண்ணத்தையும் இங்கேயே விட்டுவிடலாம். ஐபி அகலமானது. ஆறு பாடங்களில் மூன்று உயர்நிலை, தலா 240 மணி நேரம். மூன்று பொதுநிலை, தலா 150 மணி நேரம். அதற்கு மேல் 4,000 சொற்கள் வரை போகும் ஆய்வுக் கட்டுரை, அறிவுக் கோட்பாடு என்ற வகுப்பு, சமூகப் பணி. எல்லாப் பக்கமும் ஆர்வம் உள்ள, வேலையைத் தானே திட்டமிட்டுச் செய்கிற பிள்ளைக்கு அது அருமையான படிப்பு. மூன்று பாடங்களில் ஆழமாக இறங்க விரும்பும் பிள்ளைக்கு ஏ லெவல் பொருந்தும். உங்கள் மகள் எந்த ரகம் என்று கடிதத்தில் இல்லை.

ஆங்கில வழியில் படித்தவள், பிறகென்ன?

மொழிப் பிரச்சினை வராது என்று நீங்கள் நம்புவது பாதி சரி. பேச்சிலும் வாசிப்பிலும் வராது. எழுத்தில் வரும். வரலாற்றுத் தேர்வில், "இந்தப் போருக்கு முதன்மைக் காரணம் பொருளாதார நெருக்கடியே என்ற கூற்றை எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள்?" என்று ஒரு கேள்வி வருவதாக வைத்துக்கொள்வோம். மனப்பாடமாக ஐந்து காரணங்களை அழகாக, பிழையில்லாமல், தலைப்பிட்டு எழுதிவைக்கும் மாணவிக்குப் பாதி மதிப்பெண்தான் கிடைக்கும். எந்தக் காரணம் எதைவிட வலுவானது, ஏன் என்று வாதாடி ஒரு முடிவுக்கு வர வேண்டும். அறிவியலிலும் அவளே ஒரு பரிசோதனையை வடிவமைத்து, அதில் பிழை எங்கே புகுந்திருக்கும் என்று எழுத வேண்டியிருக்கும். வகுப்பில் எப்போதும் முதல் மூன்று இடத்துக்குள் வந்த பெண், முதல் பருவத்தில் சுமாரான மதிப்பெண் வாங்கிவந்தால் வீட்டில் யாரும் பதற வேண்டாம். இந்த மாற்றத்துக்கு உதவ என்ன ஏற்பாடு இருக்கிறது, எவ்வளவு நாளுக்கு, அதற்குத் தனிக் கட்டணமா என்று பள்ளியிடம் கேளுங்கள்.

கட்டணமும் பெயர்ப்பலகையும்

1924-ல் ஜெனீவாவில், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேசச் சங்கத்திலும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பிலும் வேலை செய்ய வந்தவர்களின் பிள்ளைகளுக்காக ஒரு சர்வதேசப் பள்ளி தொடங்கப்பட்டது. நாடு விட்டு நாடு போகும் பிள்ளைகளின் சான்றிதழ் எங்கும் செல்ல வேண்டும் என்ற தேவையிலிருந்து அதே நகரத்தில் 1968-ல் ஐபி அமைப்பு பிறந்தது. உங்களைப் போன்ற குடும்பங்களுக்காக உண்டானவை அவை. இன்று பல நாடுகளில் எந்தப் பள்ளியும் பலகையில் "சர்வதேச" என்று எழுதிக்கொள்ளலாம். எனவே பலகையைத் தாண்டிப் பாருங்கள். ஐபி என்றால் அந்த அமைப்பின் இணையதளத்தில் பள்ளியின் பெயர் இருக்கிறதா, எந்தப் பிரிவுக்கு அங்கீகாரம் என்று தேடுங்கள். ஆரம்பப் பிரிவுக்கு அங்கீகாரம் வாங்கி, டிப்ளமோவுக்கு இன்னும் "விண்ணப்ப நிலை"யில் இருக்கும் பள்ளிகள் உண்டு. பிரிட்டிஷ் தேர்வு வாரியங்களில் ஒன்றான கேம்பிரிட்ஜின் பள்ளிகளுக்கும் அப்படி ஒரு தேடும் வசதி இருக்கிறது. சிஐஎஸ், நியாஸ்க், வாஸ்க் போன்ற அமைப்புகளின் அங்கீகாரம் இருந்தால், வெளியாட்கள் வந்து சோதித்திருக்கிறார்கள் என்று பொருள். கடைசியாக எந்த வருடம் வந்தார்கள் என்றும் கேளுங்கள்.

கட்டணம் அதிகம் என்பதற்கு நிலத்தின் விலை, வெளிநாட்டு ஆசிரியர்களின் வீட்டு வாடகை, புதுக் கட்டடத்துக்கு வாங்கிய கடன் என்று எத்தனையோ காரணம் இருக்கலாம். உங்கள் மகளின் வேதியியல் வகுப்பு எப்படி நடக்கும் என்பதை அது சொல்லாது. விளம்பரத்தில் வரும் ஐபி சராசரி மதிப்பெண்ணும் அப்படித்தான். மொத்தம் 45, தேறுவதற்குக் குறைந்தது 24, உலகச் சராசரி சுமார் 30. ஒரு பள்ளி 36 என்று போட்டிருந்தால், கிரேடு 11-ல் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் முழு டிப்ளமோ எழுதினார்கள் என்று கேளுங்கள். சுமாராகப் படிப்பவர்களைத் தனிப்பாடச் சான்றிதழுக்குத் திருப்பிவிட்டு, மீதிப் பேரின் சராசரியை மட்டும் காட்டுவது எளிது.

நான் இதைவிட முக்கியமாக நினைப்பது ஆசிரியர்கள் தங்குகிறார்களா என்பதை. சர்வதேசப் பள்ளிகளில் ஆசிரியர்களின் முதல் ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு வருடம். நல்ல பள்ளியில் பலர் அதற்கு மேலும் இருப்பார்கள். கிரேடு 11-ல் வேதியியல் எடுத்தவர் கிரேடு 12-லும் எடுக்கிறாரா என்ற ஒரு கேள்வி நிறையச் சொல்லிவிடும். மறுபடி பள்ளியைப் பார்க்கப் போனால் மதிய இடைவேளையில் போங்கள், சுற்றிக்காட்ட அட்மிஷன் அலுவலருக்குப் பதில் மாணவர் ஒருவரைக் கேளுங்கள். நேர்காணல் அறையில் எல்லாப் பள்ளியும் நல்ல பள்ளிதான். சாப்பாட்டுக் கூடத்தில் புதுப் பிள்ளைகள் யாரோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

வீட்டை இன்னும் பார்க்காதது நல்லது. பள்ளி முடிவானதும் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள். வரைபடம் காட்டும் பயண நேரத்தை நம்ப வேண்டாம். பள்ளி நாளில் காலை ஏழு மணிக்கு எவ்வளவு ஆகிறது, பஸ் எத்தனை இடத்தில் நின்று போகிறது என்று கேளுங்கள்.

மகனின் அறிக்கையை மறைக்காதீர்கள்

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. அறிக்கையைப் பார்த்துவிட்டு "எங்களிடம் வசதி இல்லை" என்று சொல்லும் பள்ளிகள் இருக்கத்தான் செய்கின்றன. தனியார் பள்ளி அப்படி மறுக்கலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும்; சில இடங்களில் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும், சில இடங்களில் நிற்காது. ஆனாலும் மறைக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

முதல் காரணம் ஒப்பந்தம். விண்ணப்பத்தில் "பிள்ளைக்குக் கற்றல் உதவி எதுவும் தேவைப்பட்டதா?" என்று கேட்டிருப்பார்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால் இடத்தை ரத்து செய்யலாம் என்ற விதி பல பள்ளிகளின் நிபந்தனைகளில் இருக்கிறது. கட்டிய பணமும் திரும்பாது. வேறு நாட்டில், வருடத்தின் நடுவில், 11 வயதுப் பையனுக்கு மறுபடி பள்ளி தேடுவதை நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது காரணம் அவனுடைய தேர்வுகள். ஐபி-யும் கேம்பிரிட்ஜும் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரம் தருகின்றன, பெரும்பாலும் 25 சதவீதம். அதற்கு அறிக்கை மட்டும் போதாது. வகுப்பிலும் அவன் வழக்கமாக அப்படித்தான் எழுதுகிறான் என்று பள்ளி காட்ட வேண்டும். இன்று மறைத்தால் அந்தப் பதிவு உருவாகவே உருவாகாது. அப்புறம், இந்த அறிக்கையைப் பார்த்து மறுக்கும் பள்ளியில் அவன் மறைந்து உட்கார்ந்து என்ன பெறுவான்? தினமும் சத்தமாக வாசிக்கச் சொல்லும்போது திணறுவான்; சோம்பேறி என்று பெயர் வாங்குவான்.

இரண்டு வருடம் முன்பு எடுத்த அறிக்கை என்றால், முடிந்தால் கிளம்புமுன் புதிதாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். சிறப்பு ஆசிரியர் எத்தனை பேர், வகுப்புக்குள் வந்து உதவுவார்களா அல்லது தனியே அழைத்துப் போவார்களா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். இதில் மூன்றாவது பள்ளியின் பதில் நன்றாக இருந்து, மகளுக்கு இரண்டாவது பள்ளி பொருந்தினால், இருவரும் வெவ்வேறு பள்ளியில் படிப்பதில் தவறில்லை. காலையில் அலைச்சல் கூடும். இரண்டு விடுமுறைப் பட்டியலைச் சமாளிக்க வேண்டும். ஆனால் அக்காவுக்கு ஏற்ற பள்ளி என்பதற்காகத் தம்பி சிரமப்பட வேண்டியதில்லை.

மகளை விட்டுப் போவதா?

அதை முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். பன்னிரண்டாம் வகுப்பின் நடுவில் இருக்கும் பிள்ளையாக இருந்தால் நானே அதைச் சொல்லியிருப்பேன். உங்கள் மகளுக்கு அப்படி இல்லை. ஒன்பதாம் வகுப்பு முடிந்திருக்கிறது. படிப்பைப் பொறுத்தவரை, மாறுவதற்கு இதைவிட நல்ல இடைவெளி அடுத்த மூன்று வருடத்தில் வராது. 15 வயதில் மூன்று வருடம் அம்மா, அப்பா, தம்பி மூவரையும் பிரிந்திருப்பது சின்ன விஷயமல்ல. தாத்தா பாட்டியின் உடல்நிலை, அவளுடைய மருத்துவத் தேவைக்கும் பள்ளிக் கையெழுத்துக்கும் சட்டப்படி யார் பொறுப்பு என்றெல்லாம் யோசிக்க வேண்டும். அவளாகவே கேட்டால் மட்டும் இதைப் பற்றிப் பேசுங்கள். நீங்கள் முதலில் சொன்னால், "என்னை விட்டுட்டுப் போகப் பாக்குறாங்க" என்றுதான் அவள் காதில் விழும்.

"எந்த ஸ்கூலா இருந்தா என்ன" என்று அவள் சொல்வதை அலட்சியமாக நான் பார்க்கவில்லை. போகிறோமா இல்லையா என்பதில் அவளிடம் யாரும் கேட்கவில்லை, பள்ளியை மட்டும் கேட்கிறீர்கள். அவளுக்கு உண்மையான ஒரு முடிவைக் கொடுங்கள். கணக்கைப் பார்த்து இரண்டு பள்ளியாக நீங்கள் சுருக்குங்கள். அந்த இரண்டில் எது என்பதையும், பாடங்களையும் அவள் தேர்ந்தெடுக்கட்டும். அங்கே படிக்கும் அதே வயதுப் பெண் ஒருத்தியோடு வீடியோவில் பேச ஏற்பாடு செய்யச் சொல்லிப் பள்ளியிடம் கேளுங்கள், பெரும்பாலும் செய்து தருவார்கள். அந்த நேரத்தில் நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

டெபாசிட்டை இப்போது கட்டாதீர்கள். "கம்பெனியின் ஒப்புதலும் விசாவும் வர வேண்டியிருக்கிறது, மூன்று வாரம் அவகாசம் வேண்டும்" என்று பள்ளிக்கு எழுதுங்கள். மாற்றலாகி வரும் குடும்பங்களுக்குப் பல பள்ளிகள் அவகாசம் தருகின்றன. கட்டுவதற்கு முன் நிபந்தனைகள் முழுவதையும் வாங்கி மூன்று இடங்களைப் பாருங்கள்: விசா கிடைக்காவிட்டால் பணம் திரும்புமா, பள்ளியை விட்டு விலக எவ்வளவு முன்னறிவிப்பு வேண்டும் (ஒரு பருவத்துக்கு முன் சொல்லாவிட்டால் அந்தப் பருவத்தின் கட்டணத்தைக் கட்ட வேண்டும் என்பது வழக்கம்), கட்டடநிதி என்று ஒருமுறை வாங்குவது திரும்புமா.

கணவரின் எச்.ஆர். துறையிடம் கேட்க வேண்டியது இன்னும் முக்கியம். கம்பெனி தரும் கல்வி அலவன்ஸ் பாடக் கட்டணத்துக்கு மட்டும்தானா, அல்லது கட்டடநிதி, பஸ், தேர்வுக் கட்டணம், கற்றல் உதவி எல்லாவற்றுக்குமா? அந்த நாட்டில் அது வருமானமாகக் கருதப்பட்டு வரி வருமா? அதோடு வேலை ஒப்பந்தத்தில் இந்த வாசகம் வர வேண்டும்: கம்பெனி முன்கூட்டியே திருப்பி அழைத்தாலும், மகளின் இறுதித் தேர்வு முடியும்வரை பள்ளிக் கட்டணத்தையும் குடும்பத்தின் தங்கும் உரிமையையும் கம்பெனி பார்த்துக்கொள்ளும். பெரும்பாலான நாடுகளில் பிள்ளைகளின் விசா அப்பாவின் வேலையோடு கட்டப்பட்டது. வேலை முடிந்தால் அதுவும் முடியும். மேலாளர் சொன்னது உண்மையாக இருந்தால், எழுதித் தருவதில் அவர்களுக்குத் தயக்கம் இருக்காது. இதையெல்லாம் கேட்பதற்கு வலு இருப்பது கையெழுத்துப் போடும்வரைதான்.

பதிலைப் பொறுத்து என் கருத்து இது. நான்கு வருடம் என்று எழுத்தில் வந்தால், முதல் பள்ளியின் இயர் 10 நல்ல தேர்வு. மூன்று அறிவியலோடு நிதானமாக முடிப்பாள். மூன்று வருடம் உறுதி, அறிவியல் அனுமதியும் கிடைக்கும் என்றால் இரண்டாவது பள்ளி. இரண்டும் உறுதியாகத் தெரியவில்லை என்றால் மூன்றாவது பள்ளிக்கு இப்போதே விண்ணப்பம் போட்டுவையுங்கள்.

இருவருடைய கடைசி மூன்று வருட மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவு இவற்றைக் கிளம்புமுன் வாங்கி, அந்த நாடு கேட்கும் முறையில் சான்றொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள். ஆசிரியரின் ரகசியப் பரிந்துரைக் கடிதம் கேட்டிருந்தால், தேர்வு விடுமுறை தொடங்குவதற்குள் வகுப்பாசிரியரைப் பார்த்துவிடுங்கள். எச்.ஆர். பதிலும், அறிவியல் பற்றி இரண்டாவது பள்ளி தரும் பதிலும் வந்ததும் எனக்கு எழுதுங்கள். மகள் எந்தப் பாடங்களை விரும்பிப் படிக்கிறாள் என்பதை அவளையே இரண்டு வரி எழுதச் சொல்லி அனுப்புங்கள்.